மூடிய புத்தகத்திலிருந்து எழுதுங்கள்: வாசிப்புக் குறிப்பேடு வைத்திருக்கும் முறை

ஆறு மாதத்துக்கு முன் படித்த நாவலைப் பற்றி ஒருவர் கேட்கிறார். "ரொம்ப நல்ல நாவல்" என்கிறோம். அடுத்த வாக்கியம் வருவதில்லை. நிறையப் படிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. ஒன்றை முடித்த அன்றே அடுத்ததைத் திறந்துவிடுகிறார்கள். கோடு போட்டுக்கொண்டு படிப்பதும், பிடித்த பத்தியை அலைபேசியில் படமெடுத்து வைப்பதும் இதைத் தடுப்பதில்லை. அவை புத்தகம் திறந்திருக்கும்போது செய்பவை. படித்தது நம்மோடு தங்க வேண்டுமானால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து பத்துப் பதினைந்து வரி எழுத வேண்டும். குறிப்பேடு வைக்கும் முறைகள் எத்தனையோ உண்டு. இந்த ஒரு பழக்கம் இல்லையென்றால் அவை எல்லாம் வெறும் பட்டியலாகவே நின்றுவிடும்.

இதற்கு ஆதாரம் பழையது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் முடிவில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதன் பிறகு மறதி மெதுவாகிவிட்டது. கதையும் கருத்தும் அசைகளைப் போல அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. ஆனாலும் முதல் நாளில்தான் அதிகம் இழக்கிறோம் என்பது அவற்றுக்கும் பொருந்தும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இன்னும் நேரடியானது. மாணவர்கள் ஒரு உரைநடைப் பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததே நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது: இரண்டு முறை படித்ததில் 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம். மறுபடி படிப்பது தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தருகிறது. நினைவை அது அதே அளவுக்குக் காப்பதில்லை. கோடு போட்ட பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதும் மறுபடி படிப்பதுதான்.

நோட்டு

ஏ5 அளவு, அதாவது 148 × 210 மில்லிமீட்டர், போதும். அதைவிடச் சிறியதில் வாக்கியங்கள் குறுகித் தந்தியாகிவிடும். பெரியது பையில் வராது, பையில் வராத நோட்டு எழுதப்படாது. தாள் 80 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராமுக்கு, குறையாமல் இருக்கட்டும். மெல்லிய தாளில் மைப்பேனா மறுபக்கம் ஊறும், அந்தப் பக்கம் வீணாகும். நூலால் தைத்த கட்டமைப்பு தட்டையாகத் திறந்து நிற்கும். ஸ்பைரல் நோட்டில் தாளைக் கிழிப்பது சுலபம் என்பதே அதன் குறை: பிடிக்காத குறிப்பைக் கிழித்துவிடத் தோன்றும். பின்னால் ஒருநாள் அந்தப் பிடிக்காத குறிப்புதான் தேவைப்படும்.

192 பக்க நோட்டு ஒன்றை எடுத்து, எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கங்களுக்கும் எண் போட்டுவிடுங்கள். பக்க எண் இல்லாத நோட்டில் எதையும் தேடி எடுக்க முடியாது. முதல் எட்டுப் பக்கத்தை விட்டு வையுங்கள்: நான்கு பக்கம் நூல் பட்டியலுக்கு, நான்கு பக்கம் பொருளகராதிக்கு, அதாவது எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலுக்கு. மீதி 184 பக்கத்தில் புத்தகத்துக்கு எதிரெதிரான இரண்டு பக்கம் என்று வைத்தால் ஏறக்குறைய 90 புத்தகங்களுக்கு இடம் வரும். இடப்பக்கம், படித்து முடித்ததும் நினைவிலிருந்து எழுதுவதற்கு. வலப்பக்கம் மேற்கோளுக்கும், பின்னால் திரும்பி வந்து சேர்ப்பதற்கும். வலப்பக்கத்தின் கீழ் மூன்றில் ஒரு பகுதியை அன்றைக்கு எழுதாமல் காலியாக விடுங்கள். ஒரு மாதம் கழித்து அது வேண்டியிருக்கும்.

"கதைக்களம், பாத்திரம், நடை, பிடித்த வசனம், மதிப்பெண்" என்று இருபது கட்டம் அச்சிட்ட வாசிப்பு நாட்குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஒரு புத்தகத்தில் சொல்லத்தக்கது நடை மட்டும்தான் என்றால் மற்றக் கட்டங்கள் காலியாக நின்று உறுத்தும். உறுத்தலுக்காக எதையாவது நிரப்புவோம். நாலாவது புத்தகத்தோடு நோட்டு நின்றுவிடும்.

தலைப்பு விவரத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நூலின் பெயர், ஆசிரியர், முதற்பதிப்பு ஆண்டு, கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டும் பதிப்பகமும், மொத்தப் பக்கம், தொடங்கிய தேதி, முடித்த தேதி, யார் சொல்லிப் படித்தது. முதற்பதிப்பு ஆண்டு தலைப்புப் பக்கத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய நாவலை நேற்று வந்ததாக நினைத்துப் படித்து, "பெண் பாத்திரங்கள் பழைய பாணியில் இருக்கின்றன" என்று எழுதுவது அதனால்தான் நேர்கிறது. கைப்பதிப்பின் ஆண்டு வேறு காரணத்துக்காக வேண்டும்: மறுபதிப்பில் எழுத்துருவும் தாள் அளவும் மாறும், பக்க எண்ணும் மாறும். ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் சர்வதேசப் புத்தக எண்ணை, குறித்தால் பதிப்பு பற்றிய குழப்பம் அநேகமாகத் தீரும். 2007 தொடங்கி அது 13 இலக்கம்; அதற்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம்; இன்னும் பழையவற்றில் இருக்காது.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரையும், மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். "ஆசிரியரின் நடை வறண்டது" என்று எழுதக் கை போகும்போது இந்த வரி தடுத்து நிறுத்தும். வறட்சி மூலத்தில் இருந்ததா, இரண்டாவது கைமாற்றில் வந்ததா என்று தெரியாதபோது "தமிழ் வடிவத்தின் நடை" என்று எழுதுவதே நேர்மை.

பொருளகராதி

நூல் பட்டியல் எளிது: வரிசை எண், பெயர், பக்கம். அதைவிடப் பயன் தருவது பொருளகராதி. "முதுமை 14, 38, 61" என்று ஒரு வரி இருந்தால், மூன்று புத்தகங்கள் ஒரே விஷயத்தை எப்படி அணுகுகின்றன என்பது ஒரே நேரத்தில் கண்முன் நிற்கும். குடிபெயர்வு, தந்தையும் மகனும், நல்ல தொடக்க வாக்கியம், கடிதமாக வரும் அத்தியாயம் என எதுவும் தலைப்பாகலாம். ஒரு புத்தகத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. பத்துத் தலைப்புப் போட்டால் அகராதி சீக்கிரமே நிரம்பித் தேடலுக்கு உதவாமல் போகும்.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1686இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட குறிப்பேட்டு முறையில், தலைப்பின் முதல் எழுத்தையும் அதை அடுத்து வரும் முதல் உயிரையும் வைத்து இரண்டே பக்கத்தில் அகராதி அமைத்திருந்தார். தமிழில் உயிர்மெய்யே இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதால் வேலை இன்னும் சுலபம். சொல் முதலில் எல்லா எழுத்தும் வருவதில்லை என்பது அடுத்த வசதி. உயிர் 12, மெய்களில் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்ற 9 வரிசை, ர, ல, ட, ஜ, ஸ, ஹ போன்றவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒன்று. மொத்தம் 22. நான்கு பக்கத்தையும் பக்கத்துக்கு ஆறு கட்டமாகப் பிரித்தால் 24 கட்டம். மீதி இரண்டைக் க, ப வரிசைகளுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். அவைதான் முதலில் நிரம்பும். ஔ கட்டம் கிட்டத்தட்டக் காலியாகவே கிடக்கும், அதை ம எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களை அகர வரிசையில் வைக்கும்போது தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் எழுத்தைக் கொள்ளுங்கள். புனைபெயர் என்றால் அட்டையில் உள்ளபடி. ஒரே ஆசிரியர் இரண்டு பெயரில் எழுதியிருந்தால் இரண்டு இடத்திலும் போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு "காண்க" கொடுக்கலாம்.

படிக்கும்போது

இந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைவாகச் செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது. சொந்தப் புத்தகம் என்றால் நான்கே குறிகள்: நல்ல பகுதிக்கு ஓரத்தில் செங்குத்துக் கோடு, புரியாததற்குக் கேள்விக்குறி, உடன்பாடு இல்லாததற்குப் பெருக்கல் குறி, முதன்முதலாக வரும் பாத்திரத்தின் பெயரைச் சுற்றி வட்டம். வாக்கியத்துக்கு அடியில் கோடு வேண்டாம். அடிக்கோடு கண்ணை எப்போதும் அங்கேயே இழுக்கும், இரண்டாம் வாசிப்பில் புதிதாக ஒன்றைக் காணவிடாது. 2பி பென்சில் மென்மையானது, லேசாகப் போட்டாலே தெரியும், அழித்தால் தடம் நிற்காது. ஹெச்பி, அதைவிடக் கடினமான பென்சில்கள், அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், அழித்த பிறகும் பள்ளம் இருக்கும். ஒளிர்மைப் பேனா மெல்லிய தாளில் மறுபக்கம் தெரியும். அதன் நிறமும் காலப்போக்கில் மங்கும்.

நூலகப் புத்தகம், இரவல் புத்தகம் எதிலும் எதுவும் எழுதக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு, புத்தகத்தின் உயரத்துக்குத் தாள் ஒன்றை வெட்டிப் பக்க அடையாளமாக வையுங்கள். "112, மேலிருந்து 7" என்று பக்கத்தையும் வரியையும் அதில் குறித்தால் போதும். ஒட்டுத்தாள்களைப் பழைய புத்தகத்தில் பயன்படுத்தாதீர்கள். எடுத்த பிறகும் பசை மெல்லியதாகத் தங்கும், தூசி சேரும். நொறுங்கும் நிலையில் உள்ள தாளில் அச்செழுத்தையே உரித்துக்கொண்டு வரும். மூலையை மடிப்பதும் அப்படித்தான். பழைய தாள் மடிப்பில் முறிந்து உதிரும்.

ஒரு அமர்வில் கோடுகள் பெருகிக்கொண்டே போனால் அன்றைக்கு அளவு கட்டுங்கள்: அத்தியாயத்துக்கு மூன்று. நான்காவது போட வேண்டுமானால் முதல் மூன்றில் ஒன்றை அழித்தாக வேண்டும். எது முக்கியம் என்று தீர்மானிக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிடும்.

ஒரே சமயத்தில் பல புத்தகங்களைத் திறந்து வைப்பதில் தவறில்லை. ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், ஒரு கவிதைத் தொகுப்பு என்றால் ஒன்றோடொன்று மோதாது. இரண்டு நாவல்கள் என்றால் பெயர்களும் ஊர்களும் கலந்துவிடும். எப்போது முடியும் என்று கணக்கிட, இருபது நிமிடம் இயல்பான வேகத்தில் படித்துப் பக்கத்தை எண்ணுங்கள். 12 பக்கம் என்றால் மணிக்கு 36. 250 பக்க நூலுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். தினம் அரை மணி என்றால் இரண்டு வாரம். இந்தக் கணக்கைப் புத்தகத்துக்குப் புத்தகம் தனியாகப் போட வேண்டும். உரையாடல் நிறைந்த நாவலின் வேகம் தத்துவ நூலுக்குப் பொருந்தாது.

மூடிய பிறகு

முடித்த 24 மணி நேரத்துக்குள், புத்தகத்தை வேறு அறையில் வைத்துவிட்டு, 15 நிமிடம். அருகில் இருந்தால் கை தானாகத் திறக்கும், அதனால்தான் வேறு அறை. நோட்டின் இடப்பக்கத்தில், முதலில் மனதில் எழும் காட்சியிலிருந்தோ வாதத்திலிருந்தோ தொடங்குங்கள். கதைச்சுருக்கத்தில் தொடங்கினால் 15 நிமிடமும் சுருக்கத்திலேயே போய்விடும். எது முதலில் வருகிறதோ அதுவே உங்களைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தின் மையம். அது ஏன் வந்தது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்து, புத்தகம் செய்ய நினைத்தது என்ன, எந்த இடத்தில் அதைச் செய்துவிட்டது, எந்த இடத்தில் நழுவியது. கடைசியாக, படிக்கும் முன் இருந்த எந்த எண்ணம் இப்போது மாறியிருக்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

பெயர் மறந்துபோனால் "மூத்த மருமகள்" என்று எழுதிவிட்டு மேலே போங்கள். எழுதி முடித்த பின் புத்தகத்தைத் திறந்து, வேறு நிற மையில் திருத்துங்கள். பழையதை அடிக்காதீர்கள். மழையில் நடந்ததாக நினைவிருந்த காட்சி வெயிலில் நடந்திருக்கும். பாத்திரம் சொன்னதாக நினைத்தது கதைசொல்லியின் வாக்கியமாக இருக்கும். இந்தப் பிசகுகள் மதிப்புள்ளவை. எழுத்து எந்த இடத்தில் நம்முடைய கற்பனையைக் கிளப்பியது என்பதை இவற்றைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

பிறகு வலப்பக்கம், மேற்கோள். ஐந்துக்கு மேல் வேண்டாம். இடது ஓரத்தில் "மே" என்று போட்டுப் பக்க எண்ணும் அத்தியாய எண்ணும் கொடுங்கள். ஒற்று, நிறுத்தக்குறி மாறாமல் அப்படியே நகல் எடுங்கள். சொந்தக் கருத்தைச் சேர்த்தால் "என்" என்று போடுங்கள். இந்த இரண்டு அடையாளங்கள் இல்லாமல் போனால் சில ஆண்டுகளில் எது யாருடைய வாக்கியம் என்று தெரியாது, இன்னொருவர் வாக்கியம் உங்கள் கட்டுரையில் உங்கள் பெயரில் வந்துவிடும். குறிப்பேடு வைத்திருப்பவர்களுக்கு நேரக்கூடியவற்றில் மிக மோசமானது இதுதான்.

எழுதாமல் விட்ட புத்தகங்கள் சேர்ந்துபோவது எல்லோருக்கும் நடக்கும். முழுக் குறிப்பாக நிரப்ப முயலாதீர்கள். குறிப்பேடுகள் நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கடனைத் தீர்க்கப் போய்த்தான். ஒவ்வொன்றுக்கும் நினைவில் மிஞ்சியிருப்பதை ஒரே வரியில் எழுதி, அடுத்த புதிய புத்தகத்திலிருந்து முறையாகத் தொடங்குங்கள்.

வகைக்கு ஏற்ற மாற்றங்கள்

நாவலில் முதல் 40 பக்கத்துக்குள் பாத்திரப் பட்டியல் ஒன்றைப் பக்க அடையாளத் தாளிலேயே தொடங்குங்கள்: பெயர், உறவு, முதலில் வரும் பக்கம். குடும்ப நாவல் என்றால் சிறு வம்சவரிசை. ருஷ்ய நாவல்களில் ஒருவருக்கே முதற்பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், செல்லப்பெயர் என்று நான்கு உண்டு. நான்கையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டால் பாதித் தடுமாற்றம் தீர்ந்துவிடும்.

சிறுகதைத் தொகுப்பை முடித்த பிறகு மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் முதல் கதையும் கடைசிக் கதையும்தான் நிற்கும். ஒவ்வொரு கதைக்கும் அது முடிந்த உடனேயே ஒரு வரி. கதையில் நடந்ததை எழுதாமல், கதை எந்த இடத்தில் திரும்பியது என்பதை எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கதை போதும். ஐந்து கதைகளை ஒரே மூச்சில் படித்தால் ஒன்றின் முடிவு மற்றதன் மேல் படிந்துவிடுகிறது, நல்ல கதையின் பின் ஒலி கேட்பதற்குள் அடுத்தது பேசத் தொடங்கிவிடுகிறது.

கவிதைக்குக் கருத்து எழுதுவதைவிடப் பிடித்த ஒரு கவிதையைக் கையால் முழுவதுமாக எழுதுவது மேல். வரி எங்கே முறிகிறது, ஏன் அங்கே முறிகிறது என்பது எழுதும் கைக்குத் தெரியும், படிக்கும் கண்ணுக்குத் தப்பிவிடும். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அடியில் கருத்து எழுத வேண்டும்.

கட்டுரை, வரலாறு, அறிவியல் நூல்களில் முதலில் பொருளடக்கத்தைப் பத்து நிமிடம் படித்துவிட்டு, இந்த நூல் என்ன சொல்லப் போகிறது என்று ஒரு ஊகத்தை எழுதி வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இரண்டு வரி: ஆசிரியரின் வாதம், அதற்கு அவர் தரும் வலுவான சான்று. இரண்டாவது வரி எழுத வராத அத்தியாயங்களைக் கவனியுங்கள். வாதம் உரத்தும் சான்று மெலிந்தும் இருக்கும் இடங்கள் அங்கேதான் அகப்படும். தமிழ்க் கட்டுரை நூல்கள் பலவற்றில் சொல்லடைவு, அதாவது முக்கியச் சொற்கள் வரும் பக்கங்களின் பட்டியல், இருப்பதில்லை. கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் உங்களுக்கென ஒரு பத்து வரிச் சொல்லடைவு போட்டுக்கொள்வது பெரிய உதவி.

பாதியில் விட்டவை

இவற்றுக்கும் நோட்டில் இடம் வேண்டும்: எந்தப் பக்கத்தில், ஏன். அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன விதி பலருக்கும் கைகொடுக்கிறது. ஐம்பது வயது வரை உள்ளவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்கலாம்; அதற்கு மேற்பட்டவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து வருகிற எண்ணிக்கை போதும். ஆயிரம் பக்க நாவலுக்கு இந்த விதி போதாது, அது சூடுபிடிக்கவே நூறு பக்கம் எடுக்கலாம். "சலிப்பு" என்று மட்டும் எழுதாமல், மொழியா, பொருளா, அந்த வாரத்து மனநிலையா என்று பிரித்து எழுதுங்கள். மூன்றாவது காரணம் என்றால் அந்தப் புத்தகத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு.

மற்றவர்களுக்காக எழுதும்போது

அண்மையில் படித்தவற்றைப் பற்றி நண்பர்களுக்கோ பொதுவிலோ எழுத, நோட்டில் உள்ள குறிப்பே மூலப்பொருள். 150 முதல் 250 சொல் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் புத்தகக் குறிப்புகளைக் கெடுப்பவை சில தேய்ந்த தொடர்கள். கற்பனையான ஒரு நாவலைப் பற்றி இப்படி ஒரு குறிப்பு:

"மூன்று தலைமுறைகளின் வாழ்வியலை மண் மணத்தோடு பேசும் நாவல். விறுவிறுப்பான நடை, கீழே வைக்க முடியவில்லை. பாத்திரப் படைப்பு அருமை. அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்."

இதை எந்தக் குடும்ப நாவலின் அட்டையிலும் ஒட்டலாம். அதே நாவலைப் பற்றி இன்னொரு குறிப்பு:

"மூன்று தலைமுறை வந்தாலும் நடுத் தலைமுறைதான் நாவல். நிலத்தை விற்கும் காட்சியில் யாரும் அழுவதில்லை. கையெழுத்துப் போடும்போது பேனா எழுதாமல் போகிறது, வாங்குகிறவர் தன் பேனாவைக் கொடுக்கிறார். இதற்கு மட்டும் இரண்டு பக்கம். இந்த இரண்டு பக்கத்துக்காகவே மறுபடி படிப்பேன். கடைசி 60 பக்கம் பேரனின் கடிதங்கள். 19 வயதுப் பையன் அதில் நாவலாசிரியரின் குரலிலேயே பேசுகிறான், அங்கே பிடி தளர்கிறது."

இரண்டாவதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நாவலைத் தேடிப் போகத் தோன்றும். ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு காட்சியோ ஒரு வாக்கியமோ சாட்சியாக நிற்க வேண்டும். சாட்சி கிடைக்காத தீர்ப்பை எடுத்துவிடலாம். கதையைச் சொல்வதானால் முதல் கால்பகுதிக்குள் நடப்பதோடு நிறுத்துங்கள். ஒரு திருப்பம் இருக்கிறது என்று அறிவிப்பதே திருப்பத்தைக் கெடுக்கும். படிப்பவர் பக்கத்துக்குப் பக்கம் அதை எதிர்பார்த்துக்கொண்டே போவார். முடிவைப் பேசாமல் கருத்துச் சொல்லவே முடியாது என்றால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதத் தயங்க வேண்டாம். ஆசிரியர் செய்ய முயலாத ஒன்றைச் செய்யவில்லை என்று குறை சொல்வதுதான் அநீதி. சிறிய குடும்பக் கதையில் அரசியல் வரலாறு இல்லை என்பது குறையாகாது. அரசியல் வரலாறு என்று தன்னை அறிவித்துக்கொண்ட நூலில் அது இல்லாவிட்டால் குறை.

நட்சத்திர மதிப்பெண் போடுவது உங்கள் விருப்பம். போடுவதானால் முடித்த அன்று ஒன்றும், மூன்று மாதம் கழித்து ஒன்றும் போடுங்கள். அன்றைய உற்சாகத்தில் ஐந்து வாங்கிய புத்தகம் மூன்றுக்கு இறங்குவதும், மூன்று வாங்கியது மெல்ல மேலேறுவதும் சாதாரணம். அந்த இடைவெளி, மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லும்.

கணினியிலும் மின்கருவியிலும்

பட்டியலை விரிதாளிலும் வைத்தால் தேட வசதி. தேதியை 2025-03-07 என்ற வடிவில் எழுதினால் வரிசைப்படுத்தும்போது குழம்பாது. இணையச் சேவையில் வைப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தரவை இறக்கிச் சொந்த நகல் வைத்துக்கொள்ள வேண்டும். ஷெல்ஃபாரி என்ற பெரிய வாசகர் தளம் 2016இல் மூடப்பட்டது. குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்தில் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பாக, எடுக்கும் வசதி இருக்கிறது. அதை நேரடியாக எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்து சிதைந்து தெரியக்கூடும். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, குறிமுறையை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

தமிழில் தேடல் தோற்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. ஔ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது. கொ, கோ போன்றவற்றில் வரும் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இரண்டு குறிகளின் சேர்க்கையாகவும் பதிவாகலாம். சில மென்பொருள்கள் இவை ஒன்றே என்று அறிவதில்லை. பழைய பிடிஎஃப் கோப்புகள் இன்றைய பொது எழுத்துக் குறிமுறையான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் நகலெடுத்து ஒட்டும்போது புரியாத குறிகளாக வரும். எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றியபின், மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றெழுத்துகள் அங்கே தொலைவதுண்டு.

கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவியில் நீங்கள் குறித்தவை எல்லாம் "மை கிளிப்பிங்ஸ்" என்ற உரைக்கோப்பில் சேரும். புத்தகத்தில் ஒரு குறியை அழித்தாலும் இந்தக் கோப்பில் அது அப்படியே இருக்கும், அதனால் அதைச் சுத்தமான பட்டியல் என்று நம்பாதீர்கள். எழுத்தின் அளவை மாற்றினால் திரையில் விழும் பகுதி மாறும்; மேற்கோளுக்கு அத்தியாயத்தையும் கருவி காட்டும் இட எண்ணையும் எழுதுங்கள். ஒலிநூல் என்றால் மணி, நிமிடம். பெயர்களின் எழுத்துக்கூட்டலை அச்சுப் பிரதியிலோ நூலின் அறிமுகப் பக்கத்திலோ பார்த்துச் சரிசெய்துகொள்வது அவசியம், காதால் கேட்டதில் லகர ளகர, னகர ணகர மயக்கம் வரும்.

திரும்பி வருதல்

முடித்து ஒரு மாதம் ஆனதும் ஐந்து நிமிடம். நோட்டைத் திறக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் இப்போது நினைவிருப்பதை மூன்று வரி எழுதி, பிறகு பழைய குறிப்போடு ஒப்பிட்டு, வலப்பக்கத்தில் காலியாக விட்ட இடத்தில் தேதியோடு பதியுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் போன மாதத்துப் புத்தகங்கள் அனைத்துக்கும் இதைச் செய்துவிடலாம். நான்கு புத்தகம் என்றால் இருபது நிமிடம்.

ஆண்டு முடிவில் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் பொருளகராதியைப் படியுங்கள். எந்தக் கட்டம் நிரம்பி வழிகிறது, எது வெறிச்சென்று இருக்கிறது என்பதிலிருந்து அடுத்த ஆண்டுக்குத் தேட வேண்டியது தெரியும். மறுவாசிப்புக்கு மூன்று புத்தகங்களைத் தேர்ந்தெடுங்கள்: மிகப் பிடித்தது ஒன்று, மாதக் குறிப்பில் கருத்து மாறியது ஒன்று, புரியாமல் நிறைய கேள்விக்குறி போட்டது ஒன்று. மறுவாசிப்பின் குறிப்பைப் பழைய பக்கத்தில் நெருக்காமல் புதிய இரண்டு பக்கத்தில் எழுதி, இரண்டுக்கும் பக்க எண்ணைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

நோட்டு நிரம்பியதும் முதுகில் அதன் வரிசை எண்ணையும் ஆண்டுகளையும் எழுதுங்கள். அடுத்த நோட்டின் அகராதியைப் புதிதாகத் தொடங்கும்போது, பழையதில் அதிகம் வந்த பத்துத் தலைப்புகளை மட்டும் "1-61" என்ற வடிவில், நோட்டு எண்ணும் பக்க எண்ணுமாக, முதலிலேயே ஏற்றிவிடுங்கள்.